வதினாவும் கண்ணாடி அடுப்பும்

தோசைக்கல்லில் தெளித்த தண்ணீரில் ஒரு துளி, விளிம்பைத் தாண்டி உருண்டு, கீழே அடுப்பின் மேல் விழுந்து ‘சுய்’ என்று செத்தது. அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது. மணவூர் அடுப்பை வெடிக்க வைத்தது ராசியும் இல்லை, கண்ணேறும் இல்லை. தண்ணீர்!

“வதினா, கண்டுபுடிச்சிட்டேன்!” என்று கத்தினேன்.

மாவுக் கரண்டி நிற்கவில்லை. “இன்னாத்த?”

“கண்ணாடி அடுப்பு ஏன் வெடிச்சிதுன்னு.”

“மொதல்ல அந்தாண்ட நகருடி, காலேஜு. எண்ண தெறிக்கும்.”

தெலுங்கில் வதினா என்றால் அண்ணி. அவர் எனக்கு அண்ணியுமில்லை, உறவுமில்லை; எதிர்வீடு. புத்தூர்ப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய மைத்துனன் கூப்பிட்டதைக் கேட்டு நாங்கள் கூப்பிட்டோம். எங்களைக் கேட்டு பால்காரர் கூப்பிட்டார். என் நைனா, தன்னைவிட வயதில் சிறியவர் என்பதையும் யோசிக்காமல், வதினா என்றே கூப்பிட்டார். தெருவுக்கே அண்ணியாக இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டாரா, பொறுத்துக்கொண்டாரா என்று கடைசிவரை தெரியவில்லை. நான் அப்போது இயற்பியல் படித்துக்கொண்டு தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அதனால் எனக்குக் காலேஜு என்று பெயர்.

மணவூர் விஷயம் இதுதான். வதினாவின் தங்கைக்கு வைகாசியில் மலைமேல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு மணவூர். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். சீர்ப்பாத்திரங்களோடு ஒரு பெரிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லையும் வதினா வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்தக் கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டின் புத்தம்புதுக் கண்ணாடி அடுப்பு வெடித்துவிட்டது. கண்ணாடி கற்கண்டுபோலச் சமையலறை முழுக்கச் சிதறியது. யாருக்கும் காயமில்லை. மாமியாருக்கு மட்டும் மனதில் பட்டுவிட்டது. மருமகள் வந்ததும் வராததுமாக, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் அடுப்பு.

அதற்குள் ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம்தானே. தாய் இல்லாததால் அக்கா வீட்டுக்கு வந்தாள். தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவளோடு அதே ஆட்டோவில் தோசைக்கல்லும் திரும்பி வந்திருந்தது. ஆடிக்குக் கல்லை அழைத்து வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. பெண்ணை அழைத்துப் போக மணவூரிலிருந்து யாரும் வரவில்லை. மாப்பிள்ளை தினமும் போன் செய்து, “அம்மா மனசு ஆறட்டும்” என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தார். “இன்னும் அழச்சிகினு போவலியா?” என்று தெருப்பெண்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, தங்கை வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

ஆகவே என் கண்டுபிடிப்பு முக்கியமானது. கைகளை ஆட்டி விளக்கினேன். கல் பெரிசு. அடுப்பில் வைத்தால் பக்கத்துப் பர்னர் வரைக்கும் மூடிக்கொள்ளும். சூடு மேலே போக இடமில்லாமல் கீழே கண்ணாடியில் தங்கும். கல்லின் மேல் தெளித்த தண்ணீர் உருண்டு அந்தக் கண்ணாடியில் விழுந்தால் முடிந்தது கதை. வதினாவின் ஸ்டீல் அடுப்பில் ‘சுய்’. கண்ணாடியில் ‘டமார்’.

வதினா தோசையைத் திருப்பிப் போட்டார். “அப்ப என் தங்கச்சி தண்ணி தெளிச்சதுதான் தப்புன்ற?”

நான் அந்தக் கோடி வரைக்கும் யோசிக்கவில்லை. ராசியின் தலையிலிருந்து பழியை எடுத்து நேராக அந்தப் பெண்ணின் கையில் வைத்திருந்தேன். அவள் வாசற்படி ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பல்லை எடுத்தாள்.

“கண்டுபுடிச்ச வரைக்கும் சரி,” என்றார் வதினா. “தோச துன்னு.”

வதினாவைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். தாங்குமா? அவர் எதைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி அது. நல்ல கனமான உடம்பு அவருக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியின் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டார். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகித்தான் அமர்வார். ஷேர் ஆட்டோவில் ஒரு காலை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஆட்டோ ஏதாவது முனகுகிறதா என்று கேட்பார். “ஏறும்மா, இன்னா ஜோசியமா பாக்கற?” என்று டிரைவர் சலித்துக்கொள்வார். “உன் வண்டிக்குத்தாம்பா பாக்கறேன்” என்பார். மலையில் தரிசன வரிசையில் எல்லோரும் கம்பியில் சாய்ந்திருக்க, அவர் மட்டும் நிமிர்ந்து நிற்பார்.

எங்கள் அம்மா புது கேஸ் அடுப்பு வாங்கிய அன்று, யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டார். பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, பர்னர் மேல் இருக்கும் கம்பிக் காலில் வைத்துவிட்டு, அம்மாவோடு ஊர்க்கதை பேசினார். கதை முடிந்ததும் குடத்தை இறக்கி, கம்பி எங்காவது வளைந்திருக்கிறதா என்று கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “ஒரு காலு மட்டும் கொஞ்சம் ஏறிகினு கீது. கல்லு வச்சா ஆடும். மாத்தி வாங்கியா.” அம்மா மாற்றி வாங்கினாள். மாற்றாவிட்டால் மறுநாளும் குடம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கல்லை அவர் அடுப்பில் வைக்கும்போது சத்தம் வராது. தூரத்து விளிம்பு முதலில் தொடும், பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், எப்போது முழுதாக அமர்ந்தது என்று நமக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் அது வைத்தது இல்லை, போட்டது என்பது அவர் கணக்கு. ஒருநாள் அவர் கணவர் ‘டங்’கென்று வைத்துவிட்டார். அன்று முழுக்க வதினா அவரோடு பேசவில்லை. சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் நைனாவிடம், “ஒரு கல்லு வச்சேன் சார், அவ்ளதான்” என்று முறையிட்டார். எதிர்வீட்டுக்குள்ளிருந்து வதினாவின் குரல் வந்தது: “வைக்கல பாவா. போட்ட.”

தங்கைக்கு மாப்பிள்ளை முடிவானதும் கல்லால்தான். பேச வந்த அன்று, கை கழுவ உள்ளே வந்த பையனிடம், “தம்பி, அந்தக் கல்ல கொஞ்சம் அடுப்பு மேல வைங்களேன், எனக்குக் கை புடிச்சிகினு கீது” என்றார். வெள்ளைச் சட்டை போட்ட பையன் பதறிப்போய் கல்லின் கைப்பிடிக் காது இரண்டையும் பிடித்துத் தூக்கி, மெதுவாக, ஒரு ஓரத்தை முதலில் வைத்து, பிறகு முழுதாக இறக்கினான். வதினா கூடத்துக்கு வந்து, “எங்களுக்குச் சம்மதம்” என்றார். அதுவரை ஜாதகமே எடுக்கவில்லை.

“நல்லா தூக்கனாரா வதினா?” என்று பிறகு கேட்டேன்.

“தூக்கறத யாரு பாத்தா? எறக்கறதப் பாத்தேன்.”

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைதான் கேட்டேன். அவருடைய வலது பாதத்தில், கொலுசுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும். புத்தூர் வீட்டில் மூன்று கால் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்ததாம். மெல்லிய கால்கள். அதன் மேல் இதே மாதிரி ஒரு கனமான கல். கல் காய்ந்த நேரத்தில் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில் தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள்.

“அப்புறம்?”

“கால நீட்டினேன். கல்லு நின்னுடுச்சி.” கறிவேப்பிலையை உருவிப் போட்டுவிட்டு, “அந்த அடுப்ப எடைக்கிப் போட்டாச்சி” என்றார்.

மனிதர்களையும் இப்படித்தான் சோதித்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. என்னிடம் முதலில் ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தனுப்பினார். சிந்தாமல் கொண்டுபோனேன். கொஞ்ச நாளில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதற்கும் வெகுநாள் கழித்து ஒரு ரகசியம் சொன்னார். அது இங்கேயும் வராது. இப்போது நான் அம்பத்தூரில், அவர் திரும்பப் புத்தூரில் என்றாலும், யாராவது இதைப் போனில் அனுப்பி அவர் படித்துவிடக்கூடும். அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஊரையெல்லாம் அழுத்திப் பார்த்தவர், தன் பாரத்தை மட்டும் யார் மேலும் வைத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோது என் அம்மா கஞ்சி கொண்டுபோனாள். எழுந்து உட்கார்ந்து, அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கஞ்சியைக் குடித்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வதினா என்னைக் கூப்பிட்டார். கல்லைப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

“சீர்ல குடுத்த பொருளு நம்ம வூட்ல கெடக்கலாமா? கொண்டுபோய் மணவூர்ல குடுத்துட்டு வந்துரலாம்.”

“அப்ப உங்க தங்கச்சி?” என்று உள்ளே பார்த்தேன். தங்கை புடவை மாற்றித் தலை வாரியிருந்தாள்.

“அழைக்காம பொண்ணக் கொண்டுபோய் வுட முடியுமா? கல்லத்தான் வுடப் போறோம். கல்லுக்கு ரெண்டு காது. புடிக்க ரெண்டு பேரு வேணும்.”

“நானு எதுக்கு?”

“நீ பேசாம இருக்கறதுக்கு.”

கண்ணாடி சூட்டில் எப்படிப் பிளக்கும் என்று நான் போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். போனை உள்ளே வைக்கச் சொன்னார்.

ரயிலில் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து கல்லை மடியில் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டார்கள். அரக்கோணத்தில் ஏறிய வேர்க்கடலைக்காரர் அதை உற்றுப் பார்த்தார். “இன்னாமா அது, தாம்பாளமா?”

“தோசக்கல்லு.”

“கல்யாணத்துக்கா?”

“பஞ்சாயத்துக்கு” என்றார் வதினா. கடலைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு அவசரமாகப் போனார். தங்கை அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். திருவாலங்காடு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்தது மணவூர்.

வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும். மாப்பிள்ளை வயலுக்குப் போயிருந்தார். மாமியார் ஒல்லியான, உயரமான அம்மாள். “ஆங், வாங்க” என்றார். மருமகளைப் பார்த்து, “நல்லா கீறியா?” என்றார். சொம்பில் தண்ணீர் வந்தது. கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலில் விரிசல் விட்டது, எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தது. வதினா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தார். நான் பிடிப்பதற்குத் தயாராக நின்றேன். நாற்காலி ஒரு தரம் முனகியது, நின்றது.

“சீருப் பொருளு எங்க வூட்ல இருக்கக் கூடாதும்மா. குடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

“அந்தக் கல்லு ஒரு அடுப்ப துன்னது போதாதா? இப்பதான் புதுசு வாங்கிக்கீறோம்.”

சமையலறை மேடையில் அந்தப் புதிய அடுப்பு தெரிந்தது. அதுவும் கண்ணாடிதான். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

“நான் யாரையும் கொற சொல்ல மாட்டேன்” என்று மாமியார் ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. “அன்னிக்கு வெள்ளிக்கிழம. இவ கல்ல வச்சி காய வுட்டுகினு இருந்தா. நான் தலைக்கு ஊத்திகினு வந்து, எப்பவும் போல அடுப்புக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சி, தொடச்சி, பொட்டு வச்சிட்டு அப்டித் திரும்பறேன், டமார்னுது. பூச பண்ண கை இன்னும் ஈரம் காயல. அத நான் எப்டி எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க?”

என் வாய் தானாகத் திறந்தது. வதினாவின் பாதம் வந்து என் பாதத்தின் மேல் அமர்ந்தது. தாங்குமா என்று பார்க்காமல் முழுப் பாரமும் வைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கொதிக்கிற கண்ணாடியில் மஞ்சள் தண்ணீர். அவ்வளவுதான். தங்கை கல்லில் தெளித்த தண்ணீரே இல்லை. அவளைப் பார்த்தேன். கதவோரம் துண்டில் சுற்றிய கல்லை இடுப்பில் அணைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவள். எல்லாம் பார்த்தவள். ஆடியும் ஆவணியுமாக அக்கா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டு, தெருவே கேட்டபோதும், நான் என் கண்டுபிடிப்பைக் கையை ஆட்டி ஆட்டி அவள் தலையில் வைத்தபோதும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் பெயரை எடுக்கவில்லை. வதினாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே வளர்த்த பெண்ணை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கடையில் முதல்முறை ஒரு பொருளைப் பார்ப்பதுபோல.

பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

“தப்பு என்னுதும்மா” என்றார். “மாப்பிள்ளைய பாத்தேன், வூட்ட பாத்தேன், கெணத்தக்கூட எட்டிப் பாத்தேன். அடுப்பப் பாக்கல. பாக்காமலே இம்மாம்பெரிய கல்ல வாங்கி அனுப்பிட்டேன். கண்ணாடி அடுப்புக்கு இது ஆவாது. பக்கத்து பர்னரையும் சேத்து மூடிக்கும், சூடு கண்ணாடி மேலயே நிக்கும். அந்தச் சூட்டுல ஒரு சொட்டு ஈரம் பட்டாப் போதும், பொளந்துரும். யாரு கை பட்டாலும் அப்டித்தான்.”

வெளியே ஒரு ரயில் வந்தது. டம்ளர்கள் பேசின. மாமியார் உள்ளே புது அடுப்பின் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேறு யாருக்காகவோ கேட்பதுபோல, சுவரைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப வெள்ளிக்கிழமைல இன்னா பண்றது?”

“ஒண்ணும் மாத்த வேணாம்மா. மொதல்ல பொட்டு வைங்க. அப்பறம் பத்த வைங்க. சூடா இருக்கசொல்லோ மட்டும் ஈரத்துணி வேணாம்.”

“உம்” என்றார் மாமியார். பிறகு இன்னொரு “உம்.” மருமகளை முதல்முறையாக முழுதாகப் பார்த்தார். அவள் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ ஏன்டி அன்னிக்கே சொல்லல?”

“எத அத்த?” என்றாள் தங்கை.

மாமியார் நகர்ந்து சமையலறைக்கு வழிவிட்டார். “எம்மாம் நேரம் அதத் தூக்கிகினு நிப்ப? உள்ள கொண்டாந்து வை” என்றார்.

பேச்சு அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கல் உள்ளே போனதும், அது இனி என்ன செய்யும் என்ற கேள்வி வந்துவிட்டது. கண்ணாடி அடுப்பில் வைக்க வதினா விடவில்லை. அதற்குச் சின்னக் கல், ஒரு பர்னருக்குள் அடங்குகிற கல், தானே வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். தண்ணீர் தெளிக்காமல், வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும் என்றும் சொன்னார். “அப்ப இத இன்னா பண்றது, துணி தொவைக்கறதா?” என்ற மாமியார், சட்டென்று நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே கரண்ட் அடுப்பு, இண்டக்ஷன்.

“எம் புள்ள வாங்கியாந்தான். எத வச்சாலும் கீ கீன்னு கத்துது. அலுமினியம் வச்சேன், கத்துச்சி. பித்தள வச்சேன், அதுக்கும் கத்துச்சி. தூக்கி மேல போட்டுட்டேன்.”

“இரும்பு வச்சா கத்தாது!” என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் வாக்கியம். பாதத்தின் மேல் எதுவும் வந்து அமரவில்லை.

“இந்தப் பொண்ணு யாரு?” என்றார் மாமியார்.

“காலேஜு” என்றார் வதினா. அதுவே போதுமான அறிமுகமாக இருந்தது.

வதினா கல்லைத் தரையில் வைத்து ஒவ்வொரு ஓரமாக அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அடிப்பக்கம் சமம்தான். அடியில் விரலை ஓட்டி, பிசிறு இருந்த இடத்தைத் தங்கையிடம் காட்டினார்; அவள் தேங்காய் நாரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தாள். “இந்த அடுப்புக்கும் மேல கண்ணாடிதான். இழுக்காத, தூக்கி வை, தூக்கி எடு. மொதல்ல சின்ன நெம்பர்ல வை. அவசரப்பட்டா நடுவு மட்டும் காஞ்சி கல்லு கோணிக்கும். ஓரத்துக்குச் சூடு வர்ற வரைக்கும் பொறுத்துக்க” என்றார் வதினா.

மாவு இருந்தது. பிளக் பொருந்தியது. நான் பொத்தான்களைப் படித்துச் சொன்னேன். மாமியார் அதில் மிகச் சின்ன எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பழக்கத்தில் வதினா கல்லின் ஒரு காதைப் பிடிக்கக் குனிந்தார்.

“அவ வைப்பா, வுடுங்க” என்றார் மாமியார்.

வதினா கையை எடுத்துக்கொண்டார். தங்கை கல்லின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். நானும் வதினாவும் ஓரடி பின்னால் போய் நின்றோம். மாமியார் அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை.